நீர் வடிக்கும் துணியும் காக்காய்ப்பொன்னும்

அருகன் திருவடி போற்றி! 

தமிழ்ச் சமணர் இல்லத்தின் அடையாளம் யாது என ஒருவர் வினவினால், அடுக்களைக்குள் சென்று குடத்தின் வாய்மீது கட்டியிருக்கும் வெண்மையான துணியைக் காட்டினால் போதும். வேறு விளக்கம் வேண்டுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிரும் தன் தாகத்தின் பொருட்டு மடிந்துவிடலாகாது என்று அஞ்சிய ஒரு சமூகம், தலைமுறை தலைமுறையாகக் கட்டிவந்த துணி அது. பொழுது சாய்வதற்கு முன் உண்டு முடிக்கும் வழக்கமும் அந்த அச்சத்திலிருந்தே பிறந்தது.

ஆயினும் அத்துணியைப் பற்றிப் பலர் மறந்துவிட்ட செய்தி ஒன்று உண்டு. நீரை வடித்தவுடன் கடமை முடிந்துவிடுவதில்லை. துணியின் மேற்புறத்தில் தங்கிய சிற்றுயிர்களை, வடித்த நீரைக் கொண்டே மெல்ல அலசி எடுத்தல் வேண்டும். அலசிய அந்நீரை எங்கேனும் கொட்டிவிடுதல் ஆகாது. எந்தக் கிணற்றில் முகந்தார்களோ அந்தக் கிணற்றிலேயே சேர்த்தல் வேண்டும். அதனையும் உயரத்திலிருந்து வீசாமல், நீர்மட்டம் வரை இறக்கி மெதுவாகக் கவிழ்த்தல் வேண்டும். ஒரு கிணற்றின் உயிர் வேறொரு கிணற்று நீரில் வாழாது என்பதே இவ்விதிக்குக் காரணம். வடமொழி வழி வந்தோர் இதனை ‘ஜீவாணி’ என்பர்.

இவ்விதியின் உட்பொருள் ஆழமானது. தான் நுகரும் பொருள் எங்கிருந்து வந்தது என்பதை நுகர்வோன் அறிந்திருத்தல் வேண்டும். வந்த இடத்திற்குத் தான் கடமைப்பட்டவன் என்பதையும் உணர்ந்திருத்தல் வேண்டும். குழாயும் சுத்திகரிப்புக் கருவியும் வந்தபின் அந்தத் துணி பல இல்லங்களில் மடித்து வைக்கப்பட்டுவிட்டது. அது கற்பித்த வினாவையும் உடன் மடித்து வைத்துவிடலாமா என்பதே இன்றைய உரையின் பொருள்.

பொருளின் பிறப்பிடத்தை விசாரிப்பது சமணர்க்குப் புதிதன்று. தேன் இனிக்கும், மருந்தாகவும் பயன்படும். எனினும் சிராவகர் அதனை விலக்கினர். அதன் சுவையில் அவர்கள் குற்றம் காணவில்லை. அது வந்த வழியிலேயே குற்றம் கண்டனர். கிழங்கு வகைகளை விலக்கியதும் அவ்வாறே. பட்டின் பளபளப்பைக் கண்டு மயங்காமல், கூட்டுக்குள் உறங்கும் புழுவைக் கொதிநீரிலும் ஆவியிலும் கொன்றே இழை எடுக்கப்படுகிறது என்பதை நினைத்து, வழிபாட்டிற்குப் பட்டு உடுத்துவதைத் தவிர்த்த பெரியோர் பலர். இன்றும் கடையில் ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்தால், முட்டை கலந்துள்ளதா, கொழுப்புப் பசை கலந்துள்ளதா என்று பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்காத சமண இல்லத்தரசி அரிது. பச்சைப் புள்ளியைக் கண்ட பின்னரே அப்பொருள் கூடைக்குள் செல்கிறது.

பச்சைப் புள்ளி விலங்கின் உடல் அப்பொருளில் இல்லை என்று மட்டுமே உறுதி கூறும். அதனை ஆக்குவதற்கு ஒரு குழந்தையின் கை தேய்ந்ததா, ஒரு தாயின் நுரையீரல் புழுதியால் நிறைந்ததா என்பது பற்றி அது ஒன்றும் கூறாது. ஓரறிவு உயிருக்கு இரங்கிய நெஞ்சம், ஆறறிவு உயிரின் துன்பத்தை விசாரிக்கத் தவறுமானால், துணியில் எங்கோ ஒரு பெருந்துளை விழுந்துவிட்டது என்றே பொருள்.

இதனைப் பொதுவாகப் பேசுவதினும் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதன் வேர்வரை செல்வது நன்று. அப்பொருள் மைக்கா. தமிழில் இதற்கு அப்பிரகம் என்றும் காக்காய்ப்பொன் என்றும் பெயர்கள் உண்டு. சித்த மருத்துவர் செந்தூரமாக்கும் அப்பிரகமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. பொன்போல் மின்னும், பொன் அன்று. ஏடு ஏடாக உரிக்க வரும் இக்கனிமம், வெப்பத்தைத் தாங்கும், மின்சாரத்தைக் கடத்தாது. அதனால்தான் துணி தேய்க்கும் மின்பெட்டியின் உள்ளே, சூடேறும் கம்பியைச் சுற்றிவைக்கும் தகடாக நெடுங்காலம் பயன்பட்டு வருகிறது. தச்சர்கள் மேசைமீது ஒட்டும் தகட்டையும் ‘மைக்கா’ என்றே அழைப்பர். ஆனால் அது காகிதத்தாலும் பிசினாலும் ஆனது. பெயர் மட்டுமே பொது.

உண்மையான மைக்கா இன்று வீடுகளுக்குள் வருவது பெரும்பாலும் பொடியாகவே. முகப்பூச்சுகளிலும், உதட்டுச் சாயத்திலும், கண்ணிமைப் பூச்சிலும், நகப்பூச்சிலும் மெல்லிய மினுமினுப்பைத் தருவது அப்பொடி. புதிய மகிழுந்தின் வண்ணத்தில் வெயில் பட்டவுடன் முத்துப்போல் ஒளிர்வதும், சில பற்பசைகளில் மின்னுவதும் அதுவே. ஒப்பனைப் பொருள்களின் உறையில் ‘மைக்கா’ என்றோ, ‘சி.ஐ. 77019’ என்றோ சிற்றெழுத்தில் அச்சிட்டிருப்பதைக் காணலாம். திருமண வீட்டில் மணப்பெண்ணின் முகத்தில் மின்னும் ஒளியில் ஒரு துளி, எங்கோ ஒரு காட்டின் மண்ணிலிருந்து வந்தது. அந்தக் காடு எது என்பதுதான் இந்த அவையோர் அறிய வேண்டிய செய்தி.

திருத்தல யாத்திரையாகச் சென்னையிலிருந்து ஹௌரா மார்க்கமாகப் புறப்படும் தொடர்வண்டி, ஆந்திர எல்லைக்குள் சென்ற சிறிது நேரத்தில் கூடூர் நிலையத்தைக் கடக்கிறது. நெல்லூர் வட்டாரத்தின் மைக்கா பூமி அது. ஹௌராவிலிருந்து கயை செல்லும் வழியில் ஏறினால், தன்பாத் கடந்து பாரசநாத் நிலையம் வரும். யாத்திரிகர் அங்கே இறங்கி மதுவனத்திற்குச் செல்வர். இறங்காமல் அதே வண்டியில் மேலும் சென்றால் வருவது கோடர்மா. உலகின் தாள்மைக்காத் தேவையில் பெரும்பகுதியை ஒரு காலத்தில் நிறைவுசெய்த வட்டாரம் அது. ஜார்க்கண்ட் மாநிலத்தின் கோடர்மா, கிரிடீ மாவட்டங்களிலும், அவற்றை ஒட்டிய பீகாரின் நவாதா மாவட்டத்திலும் அந்த மைக்கா நிலம் பரந்து கிடக்கிறது.

கிரிடீ என்னும் பெயரைக் கேட்டவுடன் அவையோர் நெஞ்சில் மணி ஒலித்திருக்கும். சம்மேத சிகரம் அமைந்துள்ள மாவட்டம் அதுவே. இருபத்து நான்கு தீர்த்தங்கரருள் இருபதின்மர் வீடுபேறு எய்திய மலை. வாழ்நாளில் ஒருமுறையேனும் காலடி வைத்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு சமணக் குடும்பமும் ஏங்கும் மலை. ஏறுவதற்கு 9 கிலோமீட்டர், டோங்குகளை வலம்வருவதற்கு 9 கிலோமீட்டர், இறங்குவதற்கு 9 கிலோமீட்டர் என 27 கிலோமீட்டர் நடந்து தரிசித்தவர் இந்த அவையிலும் பலர் இருப்பர். மாவட்டத்தின் தென்பகுதியில் அந்தப் புனித மலை நிற்கிறது. அதே மாவட்டத்தின் வடபகுதியில் திஸ்ரி, காவான் என்னும் வட்டாரங்களின் காட்டுச் சரிவுகளில் மக்கள் மைக்கா பொறுக்குகின்றனர். பெரியோரோடு சிறுவரும் பொறுக்குகின்றனர்.

இந்நிலை ஏற்பட்ட வரலாறு சுருக்கமாக அறியத்தக்கது. ஆங்கிலேயர் ஆட்சியில் அங்கே முறையான சுரங்கங்கள் பல நடந்தன. 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டு நிலத்தில் குத்தகைகளைப் புதுப்பிப்பது அரிதாயிற்று. மைக்காத் தாளுக்கு மாற்றுப் பொருள்களும் வந்தன. பெருமளவில் வாங்கிவந்த சோவியத் ஒன்றியமும் பின்னர் சிதறியது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. காடு காக்கப்பட வேண்டும் என்ற நோக்கம் நன்றே. ஆயினும், சுரங்கத்தையே நம்பியிருந்த குடும்பங்களுக்கு மாற்று வாழ்வு ஏதும் கிட்டவில்லை. மழையை நம்பிய மேட்டு நிலம். ஆண்டில் ஒருபோக விளைச்சல். பள்ளியும் மருத்துவமனையும் தொலைவில்.

அந்நிலையில், பழைய சுரங்கங்களின் வாயிலில் கழிவென்று குவித்துவைத்த மைக்காச் சில்லுகளுக்கு விலை வந்தது. ஒப்பனைத் தொழிலுக்கும் வண்ணத் தொழிலுக்கும் பெரிய தாள் வேண்டுவதில்லை, பொடியே போதும். அச்சில்லுகளை அவ்வூரார் ‘டிப்ரா’ என்பர். முதலில் குவியலைக் கிளறினர். குவியல் தீர்ந்தபின் மூடிய சுரங்கங்களின் ஓரங்களில் எலிவளை போன்ற குழிகளைத் தோண்டினர். குறுகிய குழிக்குள் நுழைவதற்குச் சிறிய உடல் எளிது. மெல்லிய சில்லைப் பிரித்து எடுப்பதற்குச் சிறிய விரல் எளிது. குழந்தைகள் அவ்வேலைக்கு வந்த காரணம் அதுவே. தாய் மண்ணைக் கூடையில் சுமந்து வருவாள். பிள்ளைகள் சல்லடையில் சலித்து மின்னும் சில்லைத் தனியே ஒதுக்குவர். இங்கே ஓர் இல்லத்தில் உயிர் காக்க நீரை வடிக்கிறார்கள். அங்கே ஒரு குடும்பம் உயிர் வாழ மண்ணைச் சலிக்கிறது.

குழிகளுக்குத் தாங்குகட்டை இல்லை, மேற்பார்வை இல்லை. மண் சரிந்தால் உள்ளே இருப்பவர் புதைவர். மைக்காவோடு கலந்த மணற்பாறைத் தூசியை ஆண்டுக்கணக்கில் உள்ளிழுத்தால் நுரையீரல் இறுகும் நோய் பற்றும். காசநோயும் எளிதில் தொற்றும். தோண்டுவதற்கு உரிமம் இல்லாததால், விபத்து நிகழ்ந்தால் வெளியே சொல்வதற்கும் அஞ்சுவர். சிறிது பணம் கைமாறும், பேச்சு அடங்கும். 2016இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை மேற்கொண்ட புலனாய்வு, மைக்காப் பணியில் இரண்டே மாதங்களுக்குள் குறைந்தது 7 குழந்தைகள் இறந்ததை வெளிக்கொணர்ந்தது. அதே ஆண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் வெளியிட்ட அறிக்கை, ஜார்க்கண்ட், பீகார் மைக்கா வட்டாரங்களில் 22,000 குழந்தைகள் வரை இப்பணியில் இருக்கலாம் என மதிப்பிட்டது. அதன்பின் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் மேற்கொண்டு 2019இல் வெளிவந்த கணக்கெடுப்பு, அவ்வட்டாரங்களில் 6 முதல் 14 வயதுக்கு உட்பட்டோருள் ஏறத்தாழ 5,000 பேர் பள்ளிக்குச் செல்லவில்லை எனக் கண்டது. மைக்கா பொறுக்கச் செல்வது அதற்குரிய காரணங்களுள் ஒன்றாகப் பதிவாயிற்று.

சட்டம் இல்லாமல் இல்லை. 14 வயதுக்கு உட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தக்கூடாது, 18 வயதுக்கு உட்பட்டோரைச் சுரங்கம் போன்ற அபாயத் தொழிலில் அமர்த்தக்கூடாது என 1986ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. எனினும், இல்லை என்று ஏட்டில் எழுதப்பட்ட சுரங்கத்திற்குள் எந்த ஆய்வாளர் செல்வார்? பொறுக்கிய சில்லு உள்ளூர்த் தரகரிடம் கிலோவுக்குச் சில ரூபாய்க்கு விற்கப்படுகிறது. தரகரிடமிருந்து வணிகருக்கும், அவரிடமிருந்து ஏற்றுமதியாளருக்கும் செல்கிறது. கொல்கத்தாத் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறது. அயல்நாட்டு ஆலைகளில் நுண்பொடியாகி, மேற்பூச்சுப் பெற்று, முத்தொளிச் சாயமாகிறது. அழகிய சிமிழ்களில் அடைபட்டுக் கடைக்கு வரும்போது, அதன் விலைக்கும் அந்தச் சிறுவன் பெற்ற கூலிக்கும் இடையே எவ்வித உறவும் தெரிவதில்லை. கைகள் பல மாறியதால் குற்றம் கரைந்துவிட்டது போன்ற ஒரு தோற்றம் மட்டுமே எஞ்சுகிறது.

குற்றம் அவ்வாறு கரையுமா? அருகநெறியின் விடை தெளிவானது.

உமாசுவாமி ஆசாரியரின் தத்துவார்த்த சூத்திரம், இம்சை என்பதற்கு இலக்கணம் வகுக்கும்போது கொல்லும் எண்ணத்தை மட்டும் குறிப்பிடவில்லை. கவனக்குறைவோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு விளைவிப்பதே இம்சை என்று வரையறுக்கிறது. ‘அறியாமல் நேர்ந்தது’ என்னும் சமாதானத்திற்கு அவ்வரையறையில் இடம் மிகக் குறைவு. அறிந்துகொள்ள வழி இருந்தும் அறிய முயலாமையே கவனக்குறைவு. நீரில் உயிர் இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக எந்தச் சிராவகரும் வடிக்காமல் குடித்ததில்லை.

மேலும், வினை வந்து சேரும் வாயில்களை அந்நூல் எண்ணிக் காட்டுகிறது. ஒரு செயலை எண்ணுதல், அதற்கு ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என மூன்று. மனம், மொழி, மெய் என மூன்று. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் என மூன்று. வெகுளி, செருக்கு, வஞ்சம், அவா என நான்கு. இவற்றைப் பெருக்கினால் 108. செபமாலையின் 108 மணிகளுக்கு இதனையே விளக்கமாகக் கூறுவோர் உண்டு. விரல் ஒவ்வொரு மணியாக உருட்டும்போது, அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே தானே செய்த வினைக்குரியது என்பதை நெஞ்சம் உணர்தல் வேண்டும். எஞ்சிய 72 மணிகள் செய்வித்தலுக்கும் உடன்படுதலுக்கும் உரியவை. விலை கொடுத்து வாங்குதல் அந்த 72க்குள் அடங்கும்.

திருக்குறளின் 26ஆம் அதிகாரமாகிய புலான் மறுத்தலும் இவ்வுண்மையையே சுட்டுகிறது. வாங்கும் கை உள்ளவரைதான் விற்கும் கடை உண்டு என்பது அவ்வதிகாரத்தின் ஆறாம் குறளில் அடங்கிய கருத்து. குந்தகுந்த ஆசாரியரே திருக்குறளின் ஆசிரியர் எனப் பொன்னூர் மலையில் வணங்கும் மரபினர்க்கு இக்கருத்து புதியதன்று. புலாலை விலக்குவதற்கு இதனை மேற்கோள் காட்டாத சமணர் இல்லை. புலாலுக்குப் பொருந்தும் நியாயம் காக்காய்ப்பொன்னுக்கும் பொருந்தும் அன்றோ?

கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து மீறல்களை ஆசாரியர் குறித்துள்ளனர். கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மேல் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தராது தடுத்தல் என்பன அவை. இவற்றைப் படிக்கும்போது வண்டிமாடும் வளர்ப்பு விலங்குமே நினைவுக்கு வரும். மாட்டின் மீது மிகைச்சுமை ஏற்றுவது விரதபங்கம் என்றால், எட்டு வயதுச் சிறுமியின் தலையில் மண்கூடை ஏற்றுவது யாது? பசிக்குப் போதாத கூலி தருவது உணவைத் தடுப்பதன்றி வேறு யாது? சிகரத்திலேயே, நடக்க இயலாத முதியோரை டோலியில் சுமந்து ஏறுபவர் சுற்றுவட்டாரக் கிராமத்தினர். எடையும் கூலியும் பேசும் அந்த நிமிடத்தில்கூட இவ்விரதம் நினைவில் நிற்றல் வேண்டும்.

கள்ளாமை விரதத்தின் ஐந்து மீறல்களுள் ஒன்று, களவில் வந்த பொருளை வாங்குதல். மற்றொன்று, அரசின் விதியை மீறிய வணிகம். திருடியவனை மட்டும் குறிக்காமல், திருட்டுப் பொருளை மலிவாக வாங்கியவனையும் அவ்விரதம் விசாரிக்கிறது. ஒரு குழந்தையின் கல்விக்காலத்தைப் பறித்து எடுத்த பொருள், அரசின் ஏட்டில் எவ்வாறு எழுதப்பட்டிருப்பினும், அறத்தின் ஏட்டில் களவுப் பொருளே.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். இரண்டும் நேர்மையானவை, நேர்மையாகவே விடை கூறத்தக்கவை.

முதல் மறுப்பு: ‘ஒரு சிமிழ் முகப்பூச்சில் இருப்பது கடுகளவு மைக்கா. ஒரு குடும்பம் வாங்காவிட்டால் உலகச் சந்தை அசையப்போகிறதா?’ அசையாது என்பது உண்மையே. ஆயினும், அடுக்களைத் துணி உலகின் கிணறுகள் அனைத்தையும் காப்பதற்காகக் கட்டப்பட்டதன்று. தன் குடத்தில் வந்த உயிருக்குத் தான் பொறுப்பு என்பதற்காகவே கட்டப்பட்டது. பயனின் அளவைக் கணக்கிட்டு விரதம் ஏற்பவர் இல்லை.

இரண்டாம் மறுப்பு இன்னும் வலியது: ‘எல்லாரும் வாங்குவதை நிறுத்திவிட்டால், பொறுக்கி வாழும் அந்த ஏழைக் குடும்பம் என்ன செய்யும்? மாலையில் எரியும் அடுப்பும் அணைந்துவிடாதா?’ இதனைத் தள்ளிவிடல் இயலாது. ஆய்வகத்தில் ஆக்கும் செயற்கை மைக்கா இன்று கிடைக்கிறது. அதற்கு மாறிய நிறுவனங்களும் உண்டு. அதனால் வாங்குவோர் மனம் தூய்மையடையலாம்; திஸ்ரிக் காட்டில் கூலி கிடைக்காமல் போகும். தேனை விலக்கினால் தேனீ பிழைக்கும். பட்டை விலக்கினால் புழு பிழைக்கும். மைக்காவை விலக்குவதால் மட்டும் அந்தச் சிறுவன் பிழைத்துவிடுவதில்லை. மனிதத் துன்பத்திற்கும் பிற உயிர்களின் துன்பத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவே. விலகுதல் பாதி அறமே. வந்த கிணற்றுக்கே திருப்பிச் சேர்த்தல் மற்றப் பாதி.

அந்த மற்றப் பாதிக்கான முயற்சிகள் சில தொடங்கியுள்ளன. 2017இல் பாரிசைத் தலைமையிடமாகக் கொண்டு, மைக்காவைப் பயன்படுத்தும் நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து, பொறுப்பான மைக்காவிற்கான கூட்டமைப்பு ஒன்றை அமைத்தன. மைக்கா எந்தக் கை வழி வருகிறது எனத் தடம் காண்பதும், கிராமங்களில் பள்ளியும் மாற்று வருவாயும் பெருகத் துணைநிற்பதும் அதன் பணிகள். அதற்கு முன்பிருந்தே, கைலாஷ் சத்யார்த்தி தொடங்கிய பச்பன் பச்சாவோ ஆந்தோலன் அக்கிராமங்களில் குழந்தைகளைப் பணியிலிருந்து மீட்டுப் பள்ளியில் சேர்த்து வந்துள்ளது. பொறுக்குவோர்க்கு உரிமமும் நியாய விலையும் தந்து, கூட்டுறவாகத் தொழிலை வெளிச்சத்திற்குக் கொண்டுவர வேண்டும் என்பது உள்ளூர் மக்களின் கோரிக்கை. குழி வெளிச்சத்திற்கு வந்தால்தான் தாங்குகட்டை வரும், ஆய்வாளரும் வருவார், குழந்தை வெளியேறும்.

இவற்றிடையே சமணச் சமூகத்திற்கென ஒரு தனி இடம் உண்டு. 2022 திசம்பரிலும் 2023 சனவரியிலும் நிகழ்ந்தது அவையோர் நினைவில் இருக்கும். சம்மேத சிகரம் சுற்றுலாத் தலமாக்கப்படும் என்ற அச்சம் எழுந்தபோது, நாடெங்கும் சமணர் வீதிக்கு வந்து அமைதியாகக் குரல் எழுப்பினர். 2023 சனவரி 5ஆம் நாள் நடுவண் அரசு அங்குச் சுற்றுலா நடவடிக்கைகளை நிறுத்திவைத்தது. அதே மலையை மராங் புரு என்று வணங்கும் சந்தால் பழங்குடியினரும் தம் உரிமையை நினைவூட்டினர். எண்ணிக்கையில் சிறிய சமூகமும் ஒன்றுபட்டுப் பேசினால் அரசு செவிசாய்க்கும் என்பதை அந்நிகழ்வு காட்டிற்று. மலையின் தூய்மைக்காக எழுந்த குரல், அம்மலையின் நிழலில் வாழும் குழந்தைகளுக்காகவும் ஒருமுறை எழுமானால், அது தீர்த்தங்கரர்க்குச் செய்யும் பூசையினும் குறைந்ததாகாது.

செய்யத்தக்கவை அரியன அல்ல. முதலாவது, மிகுபொருள் விரும்பாமை. பொருள்களுக்கு அளவு வரைந்துகொள்ளும் விரதம் நிலத்திற்கும் பொன்னுக்கும் மட்டும் உரியதன்று. ஒப்பனை மேசையில் திறக்காமலே காலாவதியாகும் சிமிழ்களையும் அது எண்ணச் சொல்கிறது. இரண்டாவது, வினவுதல். முட்டை உள்ளதா என்று கேட்கும் அதே நாவு, ‘இந்த மைக்கா எங்கிருந்து வந்தது?’ என்று உற்பத்தியாளருக்கு இரண்டு வரி எழுதிக் கேட்கலாம். பதில் வராமற்போகலாம், பலர் கேட்டால் வரும். வணிகத்தில் உள்ள சமணர்க்கு இக்கடமை இருமடங்கு. அவர்கள் வாங்குவோராகவும் விற்போராகவும் நிற்கின்றனர்.

மூன்றாவது, தானம். ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானத்தை நான்காக வகுத்தனர் முன்னோர். உணவு, மருந்து, கல்வி, அச்சம் நீக்கிக் காத்தல் என்பன அவை. மைக்கா கிராமத்தின் தேவைகளைப் பட்டியலிட்டால் அவையும் இந்நான்கே. வயிற்றுக்கு உணவு, தூசி அடைந்த நுரையீரலுக்கு மருந்து, சல்லடை பிடித்த கைக்குப் புத்தகம், குழி சரியுமோ என்ற அச்சத்திலிருந்து விடுதலை. யாத்திரைக் குழுக்கள் ஆண்டுதோறும் மதுவனத்தில் காணிக்கை செலுத்துகின்றன. அவற்றில் ஒரு பகுதி அம்மாவட்டத்தின் வடக்குக் கிராமங்களில் ஒரு பள்ளிக்கோ, ஒரு மருத்துவ முகாமுக்கோ, நம்பத்தக்க அமைப்பின் வழியாகச் சென்று சேருமாறு செய்தல் எளிது. அடுத்த யாத்திரைக்குத் திட்டமிடும் குடும்பங்கள் இதனைத் தம் பயணக் கணக்கில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

மைக்கா ஓர் எடுத்துக்காட்டே. தீப்பெட்டிக்கும் ஆடைக்கும் உப்புக்கும் இவ்வாறே ஒரு கிணறு உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் விசாரித்தல் எவர்க்கும் இயலாது. முற்றத் துறந்தவர் முனிவர். அளவோடு துறப்பவர் இல்லறத்தார். பெருவிரதம் இயலாதவர்க்காகவே அணுவிரதம் வகுக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒரு பொருளைத் தேர்ந்து, அதன் ஊரைத் தேடி, அங்குள்ளோர்க்குக் கடமை ஆற்றுவது ஓர் இல்லத்தால் இயலும்.

அடுத்த ஆண்டுகளில் எவரேனும் சிகரத்தின் உச்சியில் நின்று, பார்சுவநாதர் டோங்கின் படிகளிலிருந்து வடக்கே நோக்கினால், மங்கலாகக் காடுகள் தெரியும். அந்தக் காட்டின் மண்ணிலிருந்து வந்த மின்னல், ஏதோ ஒரு வடிவில் அவர்தம் இல்லத்தில் இருக்கும். அந்த நொடியில், மடித்து வைத்த வெண்துணியை அவர்கள் நினைத்தல் வேண்டும். அதனை மீண்டும் விரித்துக் கட்டுதல் வேண்டும். வடித்ததைக் குடிப்பதோடு அமையாமல், வடிகட்டியில் தங்கியதை அதன் கிணற்றுக்கே மெல்லக் கொண்டுபோய்ச் சேர்த்தல் வேண்டும்.

எவ்வுயிரும் இன்புறுக! அருகநெறி ஓங்குக!